என் கடைசி நாட்களில் என்னுடன் வாழ்பவர் முடிவெடுக்க என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

செக்காலைக்காரர் (கேள்வி)

காரைக்குடி செக்காலையில் வசிக்கிறேன். வயது 64. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகும் நோய் எனக்கு இருக்கிறது. குணமாகாது, வேகத்தைத்தான் குறைக்கலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வீட்டில் ஆக்சிஜன் கருவி ஓடுகிறது. மின்சாரம் போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டரும் அதற்கு மேல் ஒரு சிலிண்டரும் வைத்திருக்கிறோம். அடுத்த முறை மூச்சு மோசமானால் செயற்கை சுவாசக் கருவி வரை போக நேரலாம் என்கிறார்கள். குழாயோடு படுத்துக்கிடந்து சாக எனக்கு விருப்பமில்லை. இதை இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு பேர் என்றால் நானும் என்னுடன் வாழ்பவரும். நான் தன்பாலீர்ப்பாளன். அவர் ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருந்தவர். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வீடு என் சம்பாத்தியத்தில் கட்டியது, பத்திரம் என் பெயரில் இருக்கிறது. தரை முழுவதும் அவர் கண்ணாடிமேல் சாயம் ஊற்றி வார்த்த கல். தெருவில் எங்களை நண்பர்கள் என்பார்கள். நாங்களும் மறுத்ததில்லை.

நான் நகரத்தார் வீட்டுப் பிள்ளை. எங்கள் வழக்கத்தில் திருமணம் ஆனவர்தான் கோயிலில் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் வருபவர். எனக்குத் திருமணம் ஆகவில்லை, ஆகவே என் பெயர் புள்ளிக் கணக்கில் ஏறவில்லை. அப்பச்சியும் ஆத்தாளும் காலமாகிவிட்டார்கள். அண்ணனும் இல்லை. தேவகோட்டையில் ஒரு தங்கை இருக்கிறாள், கோயம்புத்தூரில் அண்ணன் மகன் இருக்கிறான். கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் பங்காளிகளோடு எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பூட்டியே கிடக்கிறது.

சென்ற முறை மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது. என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, ஆக்சிஜன் எந்த அளவில் ஓட வேண்டும், எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று கேட்டார்கள். நண்பர் என்று எழுதினார். அதோடு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அண்ணன் மகனைக் கைப்பேசியில் அழைத்து ஒப்புதல் கேட்டார்கள். அவன் நல்ல பிள்ளை. ஆனால் என் நோயின் பெயர்கூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. ‘என்ன செய்ய வேண்டுமோ எல்லாவற்றையும் செய்யுங்கள்’ என்று சொல்லியிருக்கிறான். அக்கறையில்தான் சொன்னான். அன்று நான் பிழைத்து எழுந்தேன், சரி. எழ முடியாத கட்டத்தில் அதே பதில்தான் என்னைக் கருவியில் மாட்டிவிடும். என் விருப்பம் தெரிந்த ஒரே மனிதர் கதவுக்கு வெளியே நிற்பார்.

எனக்கு மூன்று கவலைகள். எனக்கு நினைவு தப்பினால் மருத்துவரிடம் பேசும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். நான் போன பிறகு அவர் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அவருக்கும் அறுபது ஆகிறது, எங்கே போவார்? மூன்றாவதை எழுதவே கை தயங்குகிறது. என் சாவு வீட்டில் அவர் வேற்று ஆளாக ஓரமாய் நிற்கக் கூடாது.

திருமணம் செய்துகொள்ள நம் நாட்டில் வழியில்லை என்று தெரியும். வேறு வழி உள்ளதைச் சொல்லுங்கள். இன்னும் கையெழுத்துப் போடும் தெம்பு இருக்கிறது.

மதுரை வழக்கறிஞர்

ஐயா, தெம்பு இருக்கும்போதே கேட்டீர்கள், நல்லது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் துணை இறந்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது என்னால் அதிகம் செய்ய முடிவதில்லை.

முதல் கவலைக்கு நேரான வழி இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மீள முடியாத நோயில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. ‘லிவிங் வில்’ என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அன்று விதித்த நடைமுறை கடினமாக இருந்தது, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் நீங்கள் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்று பெற்றால் போதும். உங்களால் முடிவெடுக்க இயலாதபோது உங்கள் சார்பில் ஒப்புதல் தருபவர் யார் என்று அதில் பெயர் குறிப்பிட வேண்டும். நெருங்கிய உறவினரைக் குறிப்பிடலாம், அல்லது காப்பாளர் என்று ஒருவரைக் குறிப்பிடலாம். காப்பாளர் இரத்த உறவாக இருந்தாக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை. உங்கள் துணைவரின் பெயரை அங்கே எழுதுங்கள். ‘நண்பர்’ என்று எழுதாதீர்கள். ‘என்னுடன் வாழ்பவர், என் சிகிச்சை குறித்து என் சார்பில் முடிவெடுக்க நான் நியமித்த காப்பாளர்’ என்று முழுதாக எழுதுங்கள்.

ஒரு பிரதி உங்கள் மருத்துவருக்கு, ஒன்று காப்பாளருக்கு. இன்னொன்றை உள்ளாட்சியின் பொறுப்பு அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டதால் நீங்கள் போக வேண்டிய இடம் மாநகராட்சி அலுவலகம். வாங்குபவர் இது என்ன என்று விழித்தால் தீர்ப்பின் நகலைக் காட்டி, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இந்தப் பத்திரம் இருந்தாலும் காப்பாளர் சொன்னவுடன் கருவியை எடுத்துவிட மாட்டார்கள். மருத்துவமனை தன் மூன்று மருத்துவர்கள் கொண்ட குழுவைக் கூட்டி, பிறகு இரண்டாவது குழுவின் கருத்தையும் கேட்க வேண்டும். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது 2023 திருத்தம்.

பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்தால் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. மிக வேண்டிய நேரத்தில் அது கைவிட்டுவிடும்.

இனி வீடு. உயில் எழுதாமல் போனால் உங்கள் வீடு யாருக்குப் போகும் தெரியுமா? அண்ணன் மகனுக்கு என்று நீங்களும் அவரும் நினைத்துக்கொண்டிருக்கலாம். மனைவி, பிள்ளை, பெற்றோர் இல்லாத இந்து ஆணின் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் உடன்பிறந்தவர்களுக்கு முதலில் போகிறது. ஆகவே உங்கள் தங்கைக்குத்தான் முழுதும். உங்களுடன் கால் நூற்றாண்டு வாழ்ந்தவர் அந்த வரிசையில் எங்குமே இல்லை. உயில்தான் நல்ல தீர்வு. உயிருடன் இருக்கும்போதே தானமாக எழுதி வைக்கலாம். ஆனால் குடும்ப உறுப்பினருக்குள் எழுதும்போது கிடைக்கும் முத்திரைத்தீர்வைச் சலுகை அவருக்குக் கிடைக்காது. உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். நீங்கள் தெளிவான மனநிலையில் இருந்தீர்கள் என்று அன்றைய தேதியில் மருத்துவர் சான்று ஒன்றும் வேண்டும். சொத்துப் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. சாட்சிகளில் ஒருவராவது உங்களைவிட நன்றாக இளையவராக இருக்கட்டும். தகராறு வந்தால் அவர்தான் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும்.

என் சொந்த யோசனை ஒன்று. கானாடுகாத்தான் வீட்டில் உங்கள் பங்கை அதே உயிலில் அண்ணன் மகனுக்கு எழுதிவிடுங்கள். பிரிக்கப்படாத பங்கையும் உயிலில் எழுதச் சட்டம் இடம் தருகிறது. பரம்பரை வீடு பரம்பரைக்கு, நீங்கள் கட்டியது உங்களுடன் வாழ்ந்தவருக்கு என்று அமைந்த உயிலை எதிர்த்து வழக்குப் போட யாருக்கும் அவ்வளவு எளிதில் மனம் வராது.

வங்கியில், இருவரில் உயிருடன் இருப்பவர் பணம் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்குத் தொடங்குங்கள். தன்பாலீர்ப்பாளர்கள் கூட்டுக் கணக்குத் தொடங்கவோ துணையை நாமினியாகக் குறிப்பிடவோ தடை எதுவும் இல்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று விளக்கம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர் மட்டுமே. உரியவர் யார் என்று சொல்வது உயில். இரண்டிலும் அவர் பெயரே இருக்கட்டும்.

திருமணத்துக்கு வழியில்லை என்றீர்கள். தன்பாலினத் திருமணம் குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்புக்குப் பிறகு நிலை அதுதான். ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொல்லியிருக்கிறது. இரண்டு பெண்கள் தொடர்பான வழக்கு அது. இதனால் வாரிசுச் சான்றிதழில் உங்கள் துணைவர் பெயர் ஏறிவிடாது. ஆனால் எதிர்த்தரப்பு ‘இவர் யார்’ என்று கேட்கும் நாளில் எடுத்து வைக்க எனக்கு அது போதும்.

வீட்டுப் பராமரிப்புச் செவிலியர், சிவகங்கை மாவட்டம்

அண்ணா, சட்டத்தை வழக்கறிஞர் அம்மா சொல்லிவிட்டார். நடு இரவில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

உங்கள் நோயில் கடைசியில் பயமுறுத்துவது மூச்சுத் திணறல். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்க்கத் தாங்காமல் 108க்கு அழைத்துவிடுவார். ஆம்புலன்ஸ் வந்தால் அவர்கள் கடமை உயிரைப் பிடித்து நிறுத்துவது. மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் குழாய் போடும் வேலை தொடங்கிவிடும். பத்திரம் பீரோவில் இருக்கும். எனவே அந்த இரவில் யாரை அழைப்பது, எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் நன்றாக வேலை செய்யும். அதைப் புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைத்து வேண்டாம் என்பவர்கள் உண்டு. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதைத் தருவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. முகத்துக்கு நேராக ஒரு சிறு மின்விசிறி வைத்தாலும் பதற்றம் அடங்கும். இது பாட்டி வைத்தியம் அல்ல, நாங்கள் எல்லா வீடுகளிலும் செய்வது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பதியும்போது ‘முதன்மைப் பராமரிப்பாளர்’ என்ற இடத்தில் துணைவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சொல்லுங்கள். நாங்கள் ஒரு வீட்டுக்குள் போனால் கண் தேடுவது, மருந்து கொடுப்பவர் யார், புரட்டிப் படுக்க வைப்பவர் யார் என்பதைத்தான். அவர்களிடம்தான் பேசுவோம். பல மாதங்களாக எங்கள் நோட்டில் அவர் பெயரே இருந்தால், பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும் அந்த நோட்டு அவருக்காகப் பேசும்.

வீட்டில் இயற்கையாக மரணம் நேர்ந்தால் வந்து பார்த்து இறப்புக் காரணச் சான்று தர ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கேட்க யாரும் விரும்புவதில்லை. நீங்களே கேளுங்கள், நோயாளி கேட்டால் மருத்துவர்கள் தட்டமாட்டார்கள். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும்.

உங்கள் துணைவர் தூங்குகிறாரா? அதையும் யாராவது கேட்க வேண்டும். இரவெல்லாம் கருவியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விழித்திருப்பார். வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவர் உங்கள் அருகே படுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

மானாமதுரையிலிருந்து ஒரு திருநங்கை

அண்ணா, உங்கள் மூன்றாவது கவலைதான் எங்களுக்கு முதல் கவலை. என் தோழி ஒருத்தி இறந்தபோது, இருபது வருடம் எட்டிப் பார்க்காத வீட்டார் வந்து உடலை வாங்கிக்கொண்டு போனார்கள். முடியை வெட்டி, வேட்டி கட்டி, அவள் வெறுத்த பெயரைச் சொல்லி அழுதார்கள். அவளை மகளாக வளர்த்த எங்கள் குரு அம்மாவைக் கிட்டே விடவில்லை. அன்றிலிருந்து நாங்கள் ஒவ்வொருவரும் எழுதி வைக்கிறோம். என்னை எந்தப் பெயரில் அழைக்க வேண்டும், எந்தப் புடவை, பூ வைக்க வேண்டும், புதைப்பதா எரிப்பதா, யார் முன்னால் நடக்க வேண்டும் என்று. நான் என் புடவையை எடுத்துத் தனியாக மடித்தே வைத்திருக்கிறேன்.

அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்பதைத் திருநங்கைகளும் திருநம்பிகளும் தள்ளிப்போடக் கூடாது. பழைய பெயர் ஒரு தாளில் மிச்சமிருந்தால் இறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்துவிடும்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைக் கேட்டுப் பெறலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ‘இல்லாதபோது’ என்பதைக் கவனியுங்கள். உறவினர் வந்து நின்றுவிட்டால் அந்தக் கடிதம் உதவாது. அதனால் உறவினரை இப்போதே உங்கள் பக்கம் கொண்டு வாருங்கள்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, எனக்கு 78 வயது. பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள், நான் சொல்கிறேன்.

என் உடன்பிறந்தவனும் உன்னைப் போலத்தான். நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. அவன் போனபோது உடலை வளவில், வீட்டின் உள்முற்றத்தில், கிடத்தியிருந்தது. அவனோடு இருந்தவரை முகப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்கள், கேதம் கேட்க வந்த ஊர்க்காரர்களோடு. நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து தலைமாட்டில் உட்கார வைத்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு மூத்தவள் ஒருத்தி செய்தால் பங்காளிகள் பேசமாட்டார்கள். அதனால் சொல்கிறேன், உன் தங்கையிடம் போ. வக்கீல் அம்மா சொன்னதைப் பார்த்தால் சட்டமும் அவளைத்தான் முதலில் வைத்திருக்கிறது. உயில் எழுதியபின் அவளுக்கு வேறொருவர் வாயால் தெரிய வேண்டாம். நீயே சொல். வீடு அவருக்கு என்றும் சொல், ஏன் என்றும் சொல்.

கொள்ளி யார் வைப்பது என்பதில் சண்டை வேண்டாம். பிள்ளை இல்லாதவனுக்கு அண்ணன் மகன் வைப்பது நம் வழக்கம், அவன் வைக்கட்டும். பிள்ளை கூட்டிக்கொள், அதாவது தத்து எடுத்துக்கொள் என்று இந்த வயதில் எவராவது வந்து நின்றால் இடம் கொடுக்காதே, அது சொத்துக்கான பேச்சு. ஆனால் வாய்க்கரிசி போடப் பல கைகளுக்கு இடமுண்டு. வீட்டாருடைய கையோடு அவர் கையும் இருக்க வேண்டும், மயானத்துக்கு அவரும் போக வேண்டும், காடாற்றும்போது அவரும் பால் தெளிக்க வேண்டும். இதை அண்ணன் மகனிடம் நீ உன் வாயால் கேட்டு வாங்கிக்கொள். சாகப்போகிறவன் கேட்டதை மறுக்கிற பிள்ளை நம் பக்கத்தில் குறைவு. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற நாம் இதையும் ஒரு தாளில் எழுதி, அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லலாம், தப்பில்லை.

செக்காலைக்காரர்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை அவர் சத்தமாக வாசிக்க, நான் கேட்டேன். ஆச்சி எழுதியதை அவரால் முழுதாக வாசிக்க முடியவில்லை, நான் வாங்கி வாசித்தேன்.

தங்கையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைக்குப் போகிறோம், இருவரும் சேர்ந்தே. அண்ணன் மகனிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன் என்றான். ‘சித்தப்பா, அவரை எப்படி அழைக்க வேண்டும்’ என்று கேட்டான். சித்தப்பா என்றே அழை என்றேன். சரி என்றான்.

செவிலியர் தங்கையே, நீங்கள் கேட்டது உண்மை. அவர் தூங்குவதில்லை. பட்டறையில் அவரிடம் வேலை பார்த்த பையன் சனிக்கிழமை இரவுகளில் வந்து படுக்க ஒப்புக்கொண்டிருக்கிறான்.

வழக்கறிஞர் அம்மாவிடம் ஒரு கேள்வி மிச்சம். காப்பாளராக அவரோடு தங்கையின் பெயரையும் சேர்க்கலாமா? அவள் ஒப்புக்கொண்டால் அவருக்கு ஒரு பலம் என்று தோன்றுகிறது. ஆனால் இருவருக்கும் கருத்து வேறுபட்டால் என்ன ஆகும்?

மதுரை வழக்கறிஞர்

சேர்க்கலாம் ஐயா, 2023 திருத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிட இடம் இருக்கிறது. ஆனால் இருவர் பெயரையும் சமமாக வைக்காதீர்கள். முதல் காப்பாளர் அவர், அவரால் இயலாதபோது மட்டும் தங்கை என்று வரிசைப்படுத்தி எழுதுங்கள். கருத்து வேறுபட்டால் முதல் காப்பாளர் சொல்வதே என் விருப்பம் என்று ஒரு வரியும் சேருங்கள். தங்கை சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டாம், வேறு இருவரைப் பாருங்கள். பட்டறைப் பையன் ஒருவராக இருக்கலாம், வயதும் இளையது. வீட்டுப் பத்திரம், மருத்துவக் கோப்பு, இருவரின் ஆதார் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நீங்கள் மதுரைக்கு அலைய வேண்டாம், நான் காரைக்குடிக்கு வரும்போது நோட்டரியையும் வீட்டுக்கே அழைத்து வருகிறேன்.